இரண்டு டொலரும் மாசிப் பஞ்சமியும்

1

ஊரில் இருக்கிற என் தங்கச்சி மகேசு ரெலிபோனில் கேட்டாள். "அக்கா, வதனியை ஏன் அவ்வளவு தூரத்துக்கு மாத்தினவை? ஆரோடையும் கொழுவினவளோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் ஒரு நேர்ஸ் தூரத்துக்குப் போனால் ஒன்றில் புது நியமனம், இல்லாவிட்டால் பெரியாக்களோடு பிரச்சினை. அவள் அப்படித்தானே நினைப்பாள். இங்கே விசயம் வேறு. என் மகள் வதனியை ஒருவரும் மாற்றவில்லை. தானாகத்தான் போகிறாள். ஏஜென்சி என்று ஒன்று இருக்கிறது. நேர்ஸ்மார் போதாத ஆஸ்பத்திரிகளுக்கு அவர்கள் ஆள் அனுப்புவார்கள். சில மாதம் ஓர் ஊர், பேந்து வேறோர் ஊர். போக முன்னம் ஒவ்வொரு முறையும் சம்பளம் பேச வேண்டும். மணித்தியாலத்துக்கு எவ்வளவு, தங்க இடம் யார் தருவது, போக வர யார் காசு, ஒரு நாளும் விடாமல் கடைசி வரைக்கும் நின்று முடித்தால் போனஸ் எவ்வளவு. மாதம் முடிய வருகிற அரசாங்கச் சம்பளம் மாதிரி இல்லை. வாய் திறந்து கேட்டு வாங்குகிற சம்பளம்.

இதைச் சொல்ல மகேசு, "கலியாணம் பேசுற மாதிரியெல்லோ இருக்கு" என்றாள்.

"ஓமடி. சீதனம் பேசுற மாதிரித்தான். ஆனா இஞ்ச பொம்பிளை தானே இருந்து தனக்குப் பேசுது."

"ஐயோ, வெக்கமில்லையோ?"

அவள் கேட்டது பகிடிக்குத்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. எனக்கு வெட்கம் என்பது கையும் காலும் மாதிரி, பிறந்த நாள் தொடக்கம் கூடவே இருக்கிறது. கடையில் மிச்சக்காசு குறையத் தந்தாலும் கேட்க மாட்டேன். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தாலும், முன்னால் நிற்கிற ஆளை விலகச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். எனக்குப் பிறந்தவள் எப்படி இப்படி வந்தாள்?

மகேசுவே சொன்னாள், "எழுது அக்கா, வாசிகசாலை மலருக்குப் போடுவம். இஞ்ச எல்லாரும் வெளிநாட்டில காசு மரத்தில காய்க்குது எண்டெல்லோ நினைக்கினம்" என்று. இந்த மாசியில் நடந்ததை எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது கனடாவில், மொன்றியலில், வில்லரே என்கிற பகுதியில், மேல் வீட்டில். இங்கத்தைய வீடுகளுக்குப் படி வெளியில்தான். இரும்புப் படி. தெருவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும். கோடையில் பார்க்க வடிவு. பனி விழத் தொடங்கினால் அந்தப் படிதான் எனக்கு வாசலும் மதிலும். ஐஸ் பிடித்து கண்ணாடி மாதிரி மினுங்கும். என் முழங்கால் இரண்டும் பழுது. மார்கழி தொடக்கம் பங்குனி வரைக்கும் நான் யன்னலால்தான் தெருவைப் பார்ப்பது. வதனிக்கு இது பெரிய கவலை. நிலத்தோடு இருக்கிற ஒரு வீடு, படி இல்லாத வீடு வாங்க வேண்டும் என்று அவள் ஓடுகிறாள். அரசாங்கமும் இந்த ஏஜென்சி வேலையை மெல்ல மெல்ல நிப்பாட்டப் போகிறதாம். தூர இடங்களில்தான் இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும் என்கிறாள். அதுதான் அவசரம். வடக்கே, கடல் மாதிரி அகலமான ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பனிக்காலம் நின்று முடித்தால் வருகிற போனஸ் வீட்டு முற்பணத்துக்குக் காணும்.

இவரைப் பற்றி எழுதாமல் இதை எழுத ஏலாது. இவர் என்று நான் எழுதுவது என் புருசனை. பேர் சொல்லிப் பழக்கமில்லை.

இவர் இங்கே வந்த நாளிலிருந்து ஒரு பெரிய சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவினவர். பேந்து மரக்கறி வெட்டக் கொடுத்தார்கள். பேந்து குசினிச் சாவியே இவர் கையில். ஆனால் சம்பளம் கூட்டித் தாங்கோ என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர்களும் கேட்காத ஆளுக்கு ஏன் தருவார்கள். வருசா வருசம் நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் முதலாளி ஒரு வான்கோழி கொடுப்பார். ஐஸில் விறைத்த முழு வான்கோழி.

இவர் மச்சம் மாமிசம் தொடாத மனிசன். வீட்டுக்குள் முட்டை கூட வராது.

அந்த வான்கோழியை இவர் இரண்டு கையாலும் வாங்கி, மெர்சி என்று நன்றி சொல்லி, மெத்ரோ ரெயினில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். வந்து படி ஏறாமலே கீழ் வீட்டுப் போர்த்துக்கீசக் கிழவிக்குக் கொடுத்துவிட்டு, முழுகிவிட்டுத்தான் குசினிக்குள் வருவார். ஒரு நத்தாருக்கு வதனியையும் வெளிச்சம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அப்போது அவள் சின்னப் பிள்ளை. திரும்பி வந்து அவள் சொன்னது இப்போதும் என் காதில் கிடக்கிறது.

"அப்பான்ர மடியில தண்ணி வடிஞ்சது அம்மா. எல்லாரும் பாத்தவை. அப்பா அசையவே இல்லை."

பேந்து தகப்பனிடமே கேட்டாள். "ஏன் அப்பா நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லேல்ல? அதுக்குப் பதிலாக் காசைத் தாங்கோ எண்டு கேளுங்கோவன்."

"அன்பாத் தாறாங்கள் பிள்ளை. எப்பிடிக் கேக்கிறது?"

வதனி தகப்பனின் ஈரக் காற்சட்டையைத் தூக்கிக்கொண்டு போய் ஹீற்றருக்கு மேல் விரித்தாள். அவள் வாய் எங்கே பழகினது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த மெத்ரோவில்தான் என்று சொல்லுவேன்.

இவர் கண்ணை மூடின மாசியில்தான் எங்களுக்கு எல்லாம் மாறினது. மாசி மாதம், வளர்பிறைப் பஞ்சமி. ஆம்பிளைப் பிள்ளை இல்லை. திவசத்துக்கு ஐயருக்கு அரிசி காய்கறி கொடுத்துவிட்டு, வீட்டில் வதனிதான் தன் கையால் படைப்பாள். ஒவ்வொரு முறையும் அவளே. அன்றைக்கு வேலைக்குப் போக மாட்டாள்.

3

ஏஜென்சியில் வதனியோடு பேசுகிறவர் நவீன் என்று ஒரு தம்பி. தமிழ்நாட்டுப் பிள்ளை. படிக்க வந்து, கோட்-டெ-நெய்ஜ் என்கிற பகுதியில் ஒரு அறையில் இருந்துகொண்டு இந்த வேலை பார்க்கிறார். முதல் அவர் தமிழ் என்று எங்களுக்குத் தெரியாது. வதனி ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருக்க, நான் குசினியிலிருந்து "தேத்தண்ணி ஆறுது பிள்ளை" என்று கூப்பிட்டேன். அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"அய்யோ, நீங்க தமிழா? அம்மாவா அது? வணக்கம் ஆன்ட்டி! சாப்ட்டீங்களா?"

எனக்கு மனம் குளிர்ந்து போனது. "ஓம் தம்பி, நீங்கள் சாப்பிட்டாச்சோ" என்று கேட்கப் போனேன். வதனி போனைக் கையால் பொத்தினாள்.

"அம்மா, நீங்கள் உள்ள போங்கோ. இவர் தமிழ் கதைச்சா என்ர விலை குறையும்."

"ஏனடி, நல்ல பிள்ளையாய்க் கிடக்கு."

"அதுதான் சொல்லுறன்."

நான் உள்ளே போகவில்லை. வெங்காயம் உரிக்கிற மாதிரி இருந்து கேட்டேன். வதனி ஆங்கிலத்தில் பேசும்போது அது என் மகளின் குரல் இல்லை. பிரெஞ்சில் பேசினால் இன்னும் வேறு ஆள். என்னிடம் "அம்மா, பசிக்குது" என்று இழுக்கிற பிள்ளை அங்கே இல்லவே இல்லை. பிள்ளைகள் எங்களை விட்டுத் தூரப் போகிறது என்றால் வேறு நாட்டுக்கு விமானம் ஏறுகிறது மட்டும் இல்லை. ஒரே மேசையில் இருந்துகொண்டே எனக்கு எட்டாத ஒரு குரலுக்குள் அவள் போய்விடுவாள். முதலெல்லாம் அது எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அந்தக் குரலைக் கேட்டால் எங்கள் வீட்டு வாசலில் ஒரு காவல்காரி நிற்கிற மாதிரி இருக்கிறது.

அன்றைக்கு மணித்தியாலச் சம்பளம் பேசினார்கள். அவர் ஒன்று சொன்னார். இவள் அதற்கு மேலே ஒன்று சொன்னாள். சொல்லிவிட்டு வாயை மூடிவிட்டாள்.

ஒரு சத்தமும் இல்லை. குளிர்ப்பெட்டி இரைகிறது மட்டும் கேட்டது. எனக்கு வியர்த்தது. ஏதாவது சொல்லன் பிள்ளை, அந்தப் பொடியன் என்ன நினைக்கும் என்று கண்ணால் காட்டினேன். அவள் தேத்தண்ணியை எடுத்து ஆறுதலாக ஒரு மிடறு குடித்தாள். அங்கே அவர் செருமினார். பேந்து மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பேந்து, சரி, முடியும் போல இருக்கு என்றார்.

பிறகு எனக்கு விளக்கம் சொன்னாள். "கேட்டுப்போட்டு வாயை மூட வேணும் அம்மா. முதல் வாய் திறக்கிற ஆள்தான் இறங்கும்."

"அந்தச் சத்தமில்லாத நேரம் எனக்குச் செத்துப் போகலாம் போல இருந்தது."

"எனக்கும்தான்," என்றாள். அது எனக்குத் தெரியாது. அவளுக்கும் நடுங்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கடைசியாக அவள் லீவு கேட்டாள். நடுவில் ஒருமுறை வீட்டுக்கு வந்து போக வேண்டும், விமானக் காசு அவர்கள் தர வேண்டும், அதற்காகப் போனஸை வெட்டக் கூடாது. நவீன் தம்பி ஏலாது என்றார். ஒரு நாள் விட்டாலும் போனஸ் இல்லை, அதுதான் போனஸுக்கு அர்த்தமே என்றார். இவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, மணிக்கு இரண்டு டொலர் குறைத்துப் போடுங்கள், இந்த லீவை எழுத்தில் தாருங்கள் என்றாள்.

நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு டொலர் சின்னக் காசாகத் தெரியும். ஒரு பனிக்காலம் முழுக்க, ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் இரண்டு டொலர். தகப்பனுக்குப் படைக்க ஒரு நாளை அவள் விலைக்கு வாங்குகிறாள்.

அவர் சரி என்று சொல்லி, எந்தத் தேதி என்று கேட்டார். வதனி போனைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா, கெதியாச் சொல்லுங்கோ, அப்பான்ர திவசம் எப்ப வருது?"

திதி வருசா வருசம் மாறும் என்று எனக்குத் தெரியாதா? ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். புதுக் கலண்டர் வந்தால்தான் சொல்லலாம். கடைக்காரர் மார்கழியில்தான் அதைத் தருவார். 'பாத்துத்தான் சொல்ல வேணும் பிள்ளை, நிக்கச் சொல்லு' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒருவர் காத்துக்கொண்டு நிற்கிறார் என்றதும் எனக்கு எல்லாம் கலங்கிவிட்டது. போன வருசம் வந்த நாள் வாயில் வந்தது. மார்ச் முதல் கிழமை என்று அந்தத் தேதியைச் சொல்லிவிட்டேன்.

அவள் சொன்னாள். அவர் எழுதினார். கையெழுத்தும் ஆயிற்று.

4

தைப்பொங்கல் முடிந்த கையோடு வதனி போய்விட்டாள். கலண்டர் மார்கழியிலேயே வந்துதான் இருந்தது. படி ஐஸாய்க் கிடந்ததால் கடைக்காரர் சாமானோடு அனுப்பியிருந்தார். சுருட்டினபடி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, அவள் போகிற அமளியில் மறந்துபோனேன். அவள் போனபிறகு, தனிமையில் ஒரு நாள் விரித்துப் பார்த்தேன்.

மாசி வளர்பிறைப் பஞ்சமி பெப்ரவரியில் நின்றது. நான் சொன்ன நாளுக்கு ஒரு கிழமைக்கும் மேலே முந்தி.

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தால் பிறை மாறுமா. ஐயருக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர், "ஓம் அம்மா, அண்டைக்குத்தான். திதியை விடாதேங்கோ. எங்க இருந்தெண்டாலும் செய்யலாம், ஆனா அண்டைக்குச் செய்யோணும்" என்றார்.

வதனிக்குச் சொல்ல இரண்டு நாள் எடுத்தது எனக்கு. சொன்னபோது அவள் ஏசியிருந்தால் நல்லது. ஏசவில்லை. இந்த முறை பேசாமல் இருந்தது விலை பேசுகிற மௌனமும் இல்லை. பேந்து மெல்லமாய், "பரவாயில்லை அம்மா. ஆஸ்பத்திரியில அட்டவணை போட்டாச்சு. நீங்கள் வீட்டில படையுங்கோ, நான் வட்சப் வீடியோவில பாக்கிறன்" என்றாள்.

"லீவை மாத்தேலாதோ?"

"கேட்டனான். அண்டைக்கு ஆள் இல்லையாம். நான் விட்டிட்டு வந்தா போனஸ் போகும்." கொஞ்சம் நிறுத்தி, "போனா வீடும் போகும்" என்றாள். பிறகு யாரோ பிரெஞ்சில் கூப்பிட, போய்விட்டாள்.

நான் குசினியில் இருந்து யோசித்தேன். சோற்றையும் கறியையும் ரெலிபோனில் காட்டலாம். அவள் தன் கையால் எப்படிப் படைப்பது? தகப்பனுக்காக மணிக்கு இரண்டு டொலர் கொடுத்த பிள்ளை, யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டு அன்றைக்கு நிற்பாள். அவள் வாங்கின நாள் ஒருவருக்கும் பயனில்லாமல் மார்ச்சில் சும்மா வந்து போகும். இவ்வளவும் நான் ஒரு பொடியனைக் காக்க வைக்கக் கூச்சப்பட்டதால்.

5

அவசரத்துக்கு என்று வதனி குளிர்ப்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போன நம்பர்களில் நவீன் தம்பியின் நம்பரும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு காலமை முழுக்க நின்றேன். என்ன சொல்வது என்று சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். இவரின் படத்துக்கு முன்னால் நின்றும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். படத்தில் இருந்தவர் வழமை போல ஒன்றும் சொல்லவில்லை. கேட்பது அவருக்கும் பிடிக்காத வேலைதானே.

நம்பரை அழுத்தினேன்.

"ஆன்ட்டியா! சொல்லுங்க, எல்லாம் நல்லா இருக்கா? அக்காவுக்கு ஒண்ணும் இல்லயே?"

"இல்லைத் தம்பி. அவள் நல்லா இருக்கிறாள். நான்தான்… ஒரு பிழை விட்டிட்டன்." பாடமாக்கினது எல்லாம் போய்விட்டது. திவசம், திதி, கலண்டர் என்று உடைந்து உடைந்து சொன்னேன். "அந்த நாளை மாத்தித் தரேலுமோ?" என்று கேட்டு முடித்தேன். முடித்ததும் எனக்கு மூச்சும் இல்லை, பேச்சும் இல்லை.

"ஆன்ட்டி, புரியுது. ஆனா காண்ட்ராக்ட் சைன் ஆயிடுச்சு. டேட்டை நான் மாத்தினா ஹாஸ்பிடல் ஒத்துக்க மாட்டாங்க. வெரி சாரி ஆன்ட்டி."

சரி தம்பி, பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். சத்தம் வரவில்லை. ரெலிபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆன்ட்டி? லைன்ல இருக்கீங்களா?"

நின்றேன்.

"இல்ல… நான் சும்மா சொல்லல. எங்க அப்பாவுக்கும் போன வருஷம் முதல் திதி. இங்கேர்ந்து போக முடியல. அண்ணன்தான் பண்ணினான். எனக்கும் தெரியும் ஆன்ட்டி அந்த கஷ்டம்."

ஐயோ பாவம் பிள்ளை என்று நினைத்தேன். அதுவும் வாயில் வரவில்லை. அவர் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி, ஒண்ணு பண்ணலாமா? அக்கா வர முடியாது. ஆனா அவங்களுக்கு ஒரு ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு பட்ஜெட் இருக்கு. அவங்க இங்க வர்றதுக்கு பதிலா நீங்க அங்க போனா என்ன? லீவே தேவையில்லயே. மேனேஜர் கிட்ட நான் பேசறேன்."

நான்? தனியே? விமானத்தில்? அதற்கும் ஒரு சொல் வரவில்லை.

"தங்கறதுக்கு கவலைப்படாதீங்க, அக்கா ரூம்லயே இருக்கலாம். ஏர்போர்ட்ல வீல்சேர் சொல்லிடறேன். டாக்ஸி கூட… சரி, டாக்ஸியும் போட்டுத் தரேன். ஆன்ட்டி, ஏதாவது சொல்லுங்களேன்!"

"நல்லது தம்பி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "உங்க பொண்ணை விட நீங்க டேஞ்சர் ஆன்ட்டி."

மேனேஜர் ஓம் என்று சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. வதனிக்குச் சொன்னபோது அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும், "நீங்கள் என்னம்மா சொன்னனீங்கள் அவருக்கு?" என்று கேட்டாள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை."

அவள் அந்தப் பக்கம் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

6

கீழ் வீட்டுக் கிழவியின் மகன் என்னைக் கைத்தாங்கலாகப் படியால் இறக்கி விட்டான். விமான நிலையத்தில் வீல்செயரைத் தள்ளின பொடியன் "மதாம் கந்தையா, மதாம் கந்தையா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனான். கந்தையா என் அப்பா. இந்தக் கியூபெக் மாகாணத்தில் கலியாணம் கட்டினாலும் பொம்பிளைக்குப் பிறந்த வீட்டுப் பேர்தான். ஆஸ்பத்திரியிலும் கந்தையா, வங்கியிலும் கந்தையா. இவரோடு இவ்வளவு காலம் வாழ்ந்தும் என் கடதாசி ஒன்றிலும் இவர் பேர் இல்லை. அதனால்தான் அந்தப் பஞ்சமியை நான் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறேன் போல.

சின்ன விமானம். காற்றில் பஸ் மாதிரிக் குலுங்கினது. கைப்பையில் அரைத்த உழுந்து ஐஸ் கட்டியாக, துணியில் சுற்றின பயத்தங்காய், கடையில் வாங்கின விறைத்த வாழையிலை, பனங்கட்டி, விபூதி. கலண்டரையும் கழற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டேன். இனி அது இல்லாமல் நான் எங்கும் போவதாக இல்லை.

இறங்கின இடத்தில் வதனி நேர்ஸ் உடுப்போடு வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, பசிக்குது" என்றாள்.

அவள் இருந்த இடம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. மற்ற அறையில் ஒரு கியூபெக் பிள்ளை, அவளும் நேர்ஸ். பஞ்சமி அன்று வதனிக்குப் பின்னேரம்தான் வேலை. காலமை எழும்பிக் குசினியைக் கழுவினாள். "அவளிட்டைக் கேட்டனான் அம்மா, இண்டைக்கு மட்டும் இஞ்ச மச்சம் சமைக்காதை எண்டு. ஓம் எண்டிட்டாள்" என்றாள். இவ்வளவு லேசோ கேட்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் அந்த முதலாளியிடம் ஒருமுறை கேட்டிருந்தால் அவரும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பாரோ, என்னவோ.

கத்தரிக்காய்ப் பால்கறி, பயத்தங்காய், பருப்பு, வடை, பாயாசம். இவருக்குப் பிடித்த, பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும். வதனி முழுகி, இலை போட்டு, தன் கையால் படைத்தாள். தேவாரம் எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி. இரண்டு பாதியும் சேர்ந்து முழுசாய் வந்தது.

காகத்துக்கு வைக்க வெளியே போனோம். கண்ணுக்கு எட்டின தூரம் பனி. ஆறும் உறைந்து வெள்ளை. ஒரு குருவி இல்லை. வதனி வேலியில் இலைத்துண்டை வைத்து, "கா… கா…" என்றாள், பக்கத்தில் ஆருக்கும் கேட்காத குரலில். காரில் பனி வழிக்கிற இரண்டு பேர் எங்களைப் பார்த்தார்கள். அவள் கூப்பிடுகிறதை நிப்பாட்டினாள். சம்பளம் பேசுகிற என் மகளுக்கு இதற்கு வெட்கம் வந்துவிட்டது.

"வேலைக்கு நேரமாகுது அம்மா. காகம் சாப்பிட்டாத்தானே நாங்கள் சாப்பிடலாம்."

நான் கூப்பிட்டேன். முதல் மெல்ல. பேந்து கொஞ்சம் பலமாய். பேந்து அடிவயிற்றிலிருந்து. "கா! கா! கா!" அந்தக் குரல் எனக்குள் இருந்தது என்று எனக்கே தெரியாது. பனி வழித்தவர்கள் கையை நிப்பாட்டிவிட்டார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரிக் கூரையிலிருந்து ஒரு அண்டங்காகம் எழும்பி வந்தது. கோழி அளவு. வேலியில் இருந்து எங்களை ஒருமுறை சாய்ந்து பார்த்தது. சோற்றைத் தொடவில்லை. வடையைத் தூக்கிக்கொண்டு போனது.

"அப்பாவும் வடையைத்தான் முதல் எடுப்பார்," என்றாள் வதனி. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குளிர் என்றாள்.

7

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க நவீன் தம்பி எடுத்தார். வதனி ஸ்பீக்கரில் போட்டாள். இந்த முறை என்னை உள்ளே போகச் சொல்லவில்லை.

"ஆன்ட்டி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"ஓம் தம்பி. உங்களுக்குப் புண்ணியம். உங்கட அப்பாவையும் நினைச்சுத்தான் படைச்சனாங்கள்."

"தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றார். பிறகு, வேலைக் குரலில், ஆஸ்பத்திரிக்கு வதனியைப் பிடித்திருக்கிறது, கோடை முடியும் வரைக்கும் நீட்டித்தால் இன்னொரு போனஸ் தருவார்கள் என்றார். வதனி இடது கையால் போனைக் கிட்ட இழுத்தாள். அந்த மற்றக் குரல் வந்தது. குறைத்த இரண்டு டொலரும் திரும்ப வேண்டும் என்றாள். சொல்லிவிட்டு வாயை மூடினாள். நானும் மூடிக்கொண்டேன். அவர் பெருமூச்சு விட்டுச் சரி என்றார்.

"ஒரு லீவும் வேணும்," என்றாள். "ஆடி அமாவாசைக்கு. அப்பாவுக்கு விரதம். போனஸ் வெட்டக் கூடாது."

"எனக்குத் தெரியும், கேப்பீங்கன்னு. சரிங்க. டேட் சொல்லுங்க, இப்பவே டைப் பண்ணிடறேன்."

வதனி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் ஒருவர் விரலை எழுத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"நில்லுங்கோ தம்பி," என்றேன். "பாத்துத்தான் சொல்ல வேணும்."

எழும்பினேன். சாப்பிட்ட கையைக் கழுவினேன். துடைத்தேன். அறைக்குள் போய்க் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டேன். கலண்டரை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் விரித்தேன். சுருண்டு சுருண்டு வந்தது. வதனி ஒரு பக்கத்தைத் தன் தேத்தண்ணிக் கோப்பையால் அமர்த்திப் பிடித்தாள். ரெலிபோனில் ஒரு சத்தமும் இல்லை. நான் ஒவ்வொரு தாளாகத் தூக்கி, ஆடி மாதத்தைத் தேடினேன். அவசரப்படவில்லை.